வரிசையில் முதல் செருப்பு

முத்தலாங்குளத்தில் வலது காலில் செருப்போடும் இடது காலில் வெறும் புழுதியோடும் யாராவது தெருவில் நடந்து போனால், யாரும் சிரிப்பதில்லை, செருப்பு அறுந்துபோச்சா என்று அனுதாபப்படுவதும் இல்லை; "என்ன நம்பரு?" என்றுதான் கேட்பார்கள். விடியும் முன்பே எழுந்து போய் ஞானசிகாமணி டாக்டரின் கிளினிக் வராந்தாவில் இடது கால் செருப்பை வரிசையில் போட்டுவிட்டுத் திரும்புகிற ஆள் அவர் என்பது நாய்க்குக்கூடத் தெரியும். ஜோடியாகப் போட்டால் எவனாவது மாட்டிக்கொண்டு போய்விடுவான், ஒற்றைச் செருப்பை வைத்துக்கொண்டு திருடன் என்ன செய்வான் என்று என்றைக்கோ ஒரு மகராசன் யோசித்திருக்கிறான். அவன் யோசனை ஊர் வழக்கமாகிவிட்டது.

எட்டரை மணிக்கு ஜெபமலர் வருவாள். கதவைத் திறந்துவிட்டு, நம்பர் எழுதிய தகர வில்லைகள் நிறைந்த பிஸ்கட் டப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, வரிசையில் கிடக்கிற ஒவ்வொரு செருப்பின் மேலும் ஒரு நம்பரை வைத்துக்கொண்டே போவாள். ஒன்பது மணிக்கு டாக்டர் உட்கார்ந்ததும் வாசலில் நின்று நம்பரைக் கூப்பிடுவாள். மூன்று தடவை கூப்பிடுவாள், நான்காவது தடவை கிடையாது. மூன்றுக்குள் "இருக்கேன்" என்று சத்தம் வராவிட்டால் அந்தச் செருப்பு வரிசையின் கடைசிக்குப் போய்விடும். பஞ்சாயத்துத் தலைவரின் செருப்பு போயிருக்கிறது, அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த பாதிரி ஐயரவர்களின் செருப்பும் போயிருக்கிறது. பத்தொன்பது வருஷமாக அவள் வாயிலிருந்து நான்காவது தடவை வந்து யாரும் கேட்டதில்லை.

நல்ல உயரம், அதற்கேற்ற குரல், நாற்பத்தேழு வயது. கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்கிறவர்களிடம், "நம்பர் வரல" என்பாள். வராந்தாவுக்கு மேலே 'செருப்பை வெளியே விடவும்' என்று எழுதியிருப்பது அவள் கையெழுத்துதான். 'விடவும்' என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டிருப்பாள். அவளுடைய செருப்பும் பத்தொன்பது வருஷமாக வெளியேதான் கிடந்தது. வரிசையில் இல்லை, வாசல்படிக்குப் பக்கத்தில், தனியாக, சர்க்கார் ஜீப்பு மாதிரி.

வரிசையில் முதல் செருப்பு யாருடையது என்பதற்கு வில்லையைப் பார்க்கவேண்டியதில்லை. அது டைம்கீப்பர் பிச்சையாவுடையது. பஸ் ஸ்டாண்டில் முப்பத்தோரு வருஷம் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எத்தனை நிமிஷம் தாமதம் என்று எழுதி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் நாலரை மணிக்குத் தம் பழுப்பு நிற ரப்பர் செருப்பை வராந்தாவில் முதலாவதாகப் போட்டார்; அன்று தொடங்கிப் பதினோரு வருஷமாக வாரத்தில் ஆறு நாளும் நம்பர் ஒன்று அவருக்குத்தான். அவருக்கு இருந்த நோய் கொஞ்சம் பி.பி. அதை மாதம் ஒரு தடவை பார்த்தால் போதும் என்று டாக்டரும் சொல்லிப் பார்த்தார். "மாசத்துக்கு ஒரு தடவ வாரதுக்கு அது என்ன பென்ஷனா?" என்று கேட்டுவிட்டார் பிச்சையா.

அந்த வருஷம் சித்திரை மாதம், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் புடவை கட்டிக்கொண்டிருந்தபோது, ஜெபமலரின் விரல்களுக்கு இடது அக்குளுக்குக் கீழே ஒரு கட்டி அகப்பட்டது. புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். வலி இல்லை. அமுக்கினால் நகர்ந்து கொடுக்கவும் இல்லை. அவள் புடவையைக் கட்டி முடித்தாள், கோயிலுக்குப் போனாள், பாட்டுப் பாடினாள், திரும்பி வந்து மீன் குழம்பு வைத்தாள். மறுநாள் கிளினிக்கில் நாற்பது பேருக்கு வில்லை வைத்தாள். தனக்கு ஒன்று வைத்துக்கொள்ளவில்லை.

ஏன் என்று கேட்டால் அதற்குக் காரணம் டாக்டருடைய கண்ணாடி. ஞானசிகாமணி டாக்டர் சளிக்கும் காய்ச்சலுக்கும் சீட்டு எழுதும்போது கண்ணாடி அவர் மூக்கிலேயே இருக்கும். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதவேண்டிய நோய் என்றால் மட்டும், முதலில் அதைக் கழற்றி மேஜை மேல் வைப்பார், வெறும் கண்ணால் நோயாளியைப் பார்ப்பார், அதற்கப்புறம்தான் பேனாவை எடுப்பார். பத்தொன்பது வருஷத்தில் அந்தக் கண்ணாடி கழன்றதை ஜெபமலர் பதினாலு தடவை பார்த்திருக்கிறாள். பதினாலு பேரின் பெயரும் அவளுக்குத் தெரியும், அவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்து வரிசையில் செருப்புப் போட்டார்கள் என்பதும் தெரியும். அந்தக் கண்ணாடி மூக்கில் இருக்கிறவரைக்கும் தன்னிடம் இருப்பது புளியங்கொட்டைதான் என்று அவள் முடிவு செய்துகொண்டாள். முட்டாள்தனம்தான். இதையே வேறொருத்தி செய்திருந்தால் வராந்தாவில் நிற்கவைத்து, நாற்பது பேர் கேட்க, வைது தீர்த்திருப்பாள்.

இப்படியிருக்கும்போது ஆனி மாதத்து முதல் திங்கட்கிழமை, எட்டரை மணிக்கு அவள் வந்து பூட்டில் சாவியை நுழைக்கையில், ஆளில்லாத வராந்தாவில் யாரோ இருமினார்கள். திரும்பிப் பார்த்தாள். வரிசையில் ஏழாவதாகக் கிடந்த மாவு மில் வேலாயுதத்தின் செருப்புதான் இருமிக்கொண்டிருந்தது. இருமலுக்கு இருமல் ஒரு விரற்கடை எம்பி எம்பி விழுந்தது. நான்காவது செருப்பைத் தொட்டாள், அடுப்பில் வைத்த தோசைக்கல் மாதிரி சுட்டது. பன்னிரண்டாவது செருப்பு இடுப்பைப் பிடித்துக்கொண்டவனைப் போல முனகியது. ஜெபமலர் வரிசை நெடுகப் பார்த்தாள். பிறகு ஏழாம் நம்பர் வில்லையை எடுத்து அந்தச் செருப்பின் வாரின் மேல் அழுத்தி வைத்தாள்.

"இருமுறதுன்னா அந்தப் பக்கம் திரும்பி இருமு. பக்கத்துல கெடக்கது பச்சப் புள்ள செருப்பு" என்றாள்.

டாக்டர் வந்தார், வரிசையைப் பார்த்தார், கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். மேஜை மேல் பழைய பேப்பரை விரித்து ஏழாம் நம்பரைக் கொண்டுவரச் சொல்லி, குழாயை அதன் குதிங்கால் பக்கம் வைத்து, "மூச்ச நல்லா இழுத்து விடு" என்றார். செருப்பு இழுத்து விட்டது. மதியம் வேலாயுதம் சீட்டை வாங்க வந்தபோதுதான், காலையில் செருப்பைப் போட்டுவிட்டுத் திரும்பிய நிமிஷத்திலிருந்து தனக்கு இருமலே இல்லை என்றும், மூன்று மூட்டை மிளகாய் அரைத்தும் ஒரு தும்மல்கூட வரவில்லை என்றும் சொன்னார். செருப்பை மாட்டினார். மாட்டியதும் இருமினார். கழற்றி வராந்தாவில் வைத்தார், நின்றது. இப்படி ஐந்தாறு தடவை மாட்டிக் கழற்றிப் பார்த்துவிட்டு, "சாயங்காலமா வந்து எடுத்துக்கிடுதேன், இங்கனயே கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மில்லுக்குப் போய்விட்டார்.

இது எதனால் என்று ஊரில் யாரும் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. வராந்தாவுக்குப் புதிதாகப் பூசிய சிமெண்டு என்றார்கள், டாக்டருடைய கைராசி என்றார்கள், அதோடு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். காய்ச்சல்காரர்கள் காய்ச்சலை வராந்தாவில் விட்டுவிட்டு நாற்று நடப் போனார்கள். முட்டிவலிக்காரர்கள் முட்டிவலியைப் போட்டுவிட்டுத் திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போனார்கள். ஊசியைச் செருப்பிலேயே போட்டுவிடலாம் என்று டாக்டர் கண்டுபிடித்த அன்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பட்டாசு வெடித்தார்கள். மாத்திரையை மட்டும் ஆள்தான் விழுங்கவேண்டியிருந்தது, செருப்புக்கு அது இறங்கவில்லை.

டாக்டருக்கோ பரம சந்தோஷம். முப்பது வருஷமாக இனிப்பைத் தொடுவதே இல்லை என்று சத்தியம் செய்து வந்த பேச்சியம்மாளின் செருப்பைச் சுற்றி முதல் நாளே எறும்பு மொய்த்துவிட்டது. பீடியை விட்டுவிட்டேன் என்ற தலையாரியின் செருப்பு மேஜை மேல் வைத்ததும் புகைந்தது. "இவங்க சொன்னத நம்பி நா எழுதின மருந்தையெல்லாம் நெனச்சா எனக்கே சிரிப்பு வருது மலர்" என்றார் டாக்டர். எதற்கும் அசைந்து கொடுக்காமல் வீட்டில் படுத்துக் கிடந்த புருஷன்மார்களின் செருப்பைப் பெண்டாட்டிமார்கள் முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்து வரிசையில் போட்டார்கள். அக்கம்பக்கத்துக் கிராமங்களிலிருந்து செருப்புகள் கண்டக்டர் கையில் தனியாகப் பஸ் ஏறி வந்தன. மாப்பிள்ளை பார்க்கிறவர்கள் ஜாதகத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம், முதலில் செருப்பை வராந்தாவில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள் என்று கேட்க ஆரம்பித்தார்கள். பொதுக்கூட்டத்தில் மேடையை நோக்கிச் செருப்பு வீசுகிற பழக்கம் அடியோடு நின்றது; வந்து விழுகிற செருப்பு எந்த வராந்தாவில் கிடந்ததோ, அதில் என்ன இருக்கிறதோ என்று பேச்சாளர்கள் போலீஸுக்கு முன்பாகவே ஓடிப்போனார்கள். பிறந்ததிலிருந்து செருப்பே போடாத இசக்கி, தனக்கும் ஒரு வயிற்றுவலி இருப்பதை மனதில் வைத்து முதன்முதலாக ஒரு ஜோடி வாங்கி, வலது காலை வீட்டுப் பரணில் போட்டுவிட்டு, இடது காலை மட்டும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார்.

உள்ளே போட்டிருந்த பெஞ்சுகள் காலியாகிவிட்டன. நேரில் வருகிற ஒரே ஆள் பிச்சையாதான். "என் செருப்பு தனியா இருந்து பழக்கமில்ல" என்று சொல்லி, ஒன்பது மணிக்கு வந்து தம் செருப்புக்குப் பக்கத்தில் நிற்பார்.

இத்தனையிலும் ஊர் கவனித்த இன்னொரு விஷயம், ஜெபமலர் செருப்பைக் கழற்றுவதில்லை என்பது. அந்த முதல் திங்கட்கிழமை வேலாயுதத்தின் செருப்பு இருமியபோதே, அவள் வாசல்படிக்குப் பக்கத்தில் கழற்றப் போன தன் செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து 'செருப்பை வெளியே விடவும்' என்று தான் எழுதிய பலகைக்குக் கீழேயே தான் செருப்போடு நடந்து உள்ளே போனாள். யாராவது பார்த்தால், "குதிங்கால்ல வெடிப்பு" என்பாள். தன் செருப்பு நாற்பது செருப்புக்கு முன்னால் என்ன சத்தம் போடுமோ, அதை டாக்டர் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கண்ணாடிக்குக் கையைக் கொண்டுபோவாரோ என்று நினைக்கும்போதே அவள் கால்விரல்கள் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டன. ஊரில் எல்லாச் செருப்பும் வாயைத் திறந்துவிட்ட காலத்தில், கழற்றாத ஒரு செருப்பு போடுகிற சத்தம் இருக்கிறதே, அது எல்லோருக்கும் கேட்டது. என்ன என்றுதான் தெரியவில்லை. கேட்கிற தைரியமும் யாருக்கும் இல்லை. பேச்சியம்மாள் மட்டும் காரணம் சொல்லாமல் ஒரு தூக்குச்சட்டியில் ஆட்டுக்கால் சூப்பு கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமை, நம்பர் மூன்று செருப்பு டாக்டர் மேஜையில் வாந்தி எடுத்தது. மேஜை, தரை, டாக்டரின் வேட்டி எதையும் விடவில்லை. கூட்டுகிற தங்கம் வாளியும் பினாயிலுமாக ஓடி வந்தாள்.

"மலர், செருப்போட மிதிச்சு நாசம் பண்ணாத. வெளிய விட்டுட்டு வா" என்றார் டாக்டர்.

"வெடிப்பு டாக்டர்..."

"வெடிப்புக்கு நா களிம்பு தாரேன். விடும்மா."

வேறு வழியில்லை. அவள் வாசலுக்கு வந்து, வரிசையின் தலைமாட்டில், முதல் செருப்புக்கும் முன்னால், கதவோரமாகத் தன் செருப்பைக் கழற்றினாள். கழற்றி நிமிர்ந்த அந்த நொடி இடது கை தானாக உயர்ந்தது. அக்குளுக்குக் கீழே தொட்டுப் பார்த்தாள். ஒன்றுமே இல்லை. செருப்பு சத்தம் ஏதும் போடவில்லை, முனகவில்லை, சுடவில்லை. வாரின் ஓரத்தில் மட்டும் புளியங்கொட்டை அளவு ஒரு முடிச்சு எழும்பியிருந்தது. அதைத் திருப்பிப் போட்டு மறைப்பதா வேண்டாமா என்று அவள் யோசிக்கையில் உள்ளேயிருந்து தங்கம் கூப்பிட்டாள். போனாள். தரை காய ஐந்து நிமிஷம் ஆயிற்று.

அந்த ஐந்து நிமிஷத்தில் நடந்த தப்பை ஊரில் வேறு யார் செய்திருந்தாலும் கவனக்குறைவு என்று சொல்லிவிடலாம். செய்தது பிச்சையா. பி.பி. பார்த்து முடித்த செருப்பு பழைய இடத்துக்கு வந்து கிடந்தது. வீட்டுக்குப் போக நேரமாகிவிட்டது என்று வழக்கம்போல் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே அவர் இடது காலை நீட்டினார். பதினோரு வருஷமாக வரிசையில் முதலாவதாகக் கிடப்பது எதுவோ அதுதான் அவருடைய செருப்பு. குனிந்து பார்க்கவேண்டிய அவசியம் அந்தக் காலுக்கு ஒரு நாளும் வந்ததில்லை. அவளுடையதும் அதே பஸ் ஸ்டாண்டுக் கடையில் வாங்கிய அதே பழுப்பு நிற ரப்பர், அதே அளவு. அவர் குள்ளம் என்றாலும் பாதம் பெரிது. மாட்டிக்கொண்டு, நெற்றியைச் சுருக்கி, வெயில் கூடிவிட்டது என்று நினைத்தபடி நடந்து போய்விட்டார்.

ஜெபமலர் ஓடி வந்து கதவோரத்தில் கிடந்த வலதையும் அதையடுத்துக் கிடந்த இடதையும் அவசர அவசரமாக மாட்டினாள். லேசாகத் தலை சுற்றியது. சுற்றி நின்றதும், மணி ஒன்பது இருபத்தெட்டு என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமலே தெரிந்தது. பத்து மணிக்கு, தென்காசி வண்டி ஏழு நிமிஷம் தாமதம் என்று தெரிந்தது. அப்போதும் அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சாயங்காலம் கிளினிக்கைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு நடக்கையில் பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போதுதான், எதிரே வருகிற ஒவ்வொருத்தனும் தன்னிடம் மணி கேட்கமாட்டானா என்று ஒரு ஏக்கம் பிறந்தது. ஒருவனும் கேட்கவில்லை. எல்லோர் கையிலும் போன் இருந்தது. யாருக்கும் வேண்டாத மணியையெல்லாம் சுமந்துகொண்டு ஒரு மனுஷன் விடியற்காலை நாலரைக்கு எழுந்து எதற்காக வருகிறான் என்பது அவளுக்கு விளங்கியது. குனிந்து பார்த்தாள். பிச்சையாவின் செருப்பு.

அப்படியென்றால் தன்னுடையது எங்கே, அதில் இருந்தது இப்போது யார் அக்குளுக்குக் கீழே என்று அவள் நடுத்தெருவில் நின்றுவிட்டாள். உடனே போய் மாற்றியிருக்கவேண்டும். அவர் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். அவள் போகவில்லை. நாளைக்குப் பார்க்கலாம், ஒரே ஒரு நாள்தானே என்றாள் தனக்குத்தானே. அன்று மூன்று மாதத்துக்குப் பிறகு இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து, குழந்தை மாதிரித் தூங்கினாள். அந்தத் தூக்கத்துக்காக அவள் அப்புறம் பட்ட வெட்கம் கொஞ்சநஞ்சமல்ல. விடிந்ததும் முதல் வேலையாகப் பிச்சையாவின் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, இடது காலில் ஒன்றுமில்லாமல் கிளினிக்கை நோக்கி ஓட்டமும் நடையுமாக வந்தாள். தெருவில் இரண்டு பேர் அவள் காலைப் பார்த்தார்கள். "என்ன நம்பரு?" என்று கேட்க வாயெடுத்து, யாரிடம் கேட்கிறோம் என்று உணர்ந்து மூடிக்கொண்டார்கள்.

கிளினிக் வாசலில் அவளுக்கு முன்பாகவே ஊர் நின்றது. செருப்பைப் போட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் ஒருவரும் போகவில்லை. வேலாயுதம், பேச்சியம்மாள், தலையாரி, இசக்கி என்று நாற்பது பேரும் அவரவர் செருப்புக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். வரிசையில் முதலாவதாக அவளுடைய செருப்பு கிடந்தது, வாரில் முடிச்சோடு. அதற்கு அடுத்த இடம் காலியாக இருந்தது. காலி இடத்துக்குப் பின்னால் பிச்சையா ஒற்றைச் செருப்போடு நின்றார்.

நடந்ததைப் பேச்சியம்மாள் பின்னால் ஒருநாள் அவளுக்குச் சொன்னாள். நாலரை மணிக்கு வந்த பிச்சையா வருகிற ஒவ்வொருவரிடமும், "ஒரு எடம் பின்னால தள்ளிப் போடுங்க" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். ஏன் என்று கேட்டால், "வண்டி நேரம் மாறியிருக்கு" என்பாராம். ஒரு விரற்கடைக்காகச் சட்டையைப் பிடித்துக்கொள்ளுகிற வரிசை அது. அன்று, முதலில் கிடக்கிற செருப்பை ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். யாருடையது என்று தெரியாதவர்கள் யாருமில்லை, இரண்டு மாதமாக எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்த செருப்புதானே. பேசாமல் ஆளுக்கொரு இடம் தள்ளிப் போட்டார்கள். அதனால் கடைசியில் கிடந்த லாரி டிரைவர் சண்முகையாவின் செருப்பு வராந்தாவை விட்டுத் தெருவில் விழுந்தது. தெருவில் விழுந்தால் பலன் கிடையாது; பல்வலி முழுசாக அவர் தாடைக்கே திரும்பி வந்துவிட்டது. "பரவால்ல, நா வலியோடயே நிக்கேன்" என்று தாடையைப் பொத்திக்கொண்டு சொன்னாராம்.

ஜெபமலர் வராந்தாவில் ஏறினாள். கையிலிருந்த செருப்பை நீட்டினாள்.

"அண்ணாச்சி, உங்க செருப்பு. நா நேத்தே கொண்டாந்திருக்கணும். தெரிஞ்சும் கொண்டாரல."

"தெரியும். ரெண்டாவதா போடு" என்றார் பிச்சையா.

"உங்க நம்பரு ஒண்ணுல்லா?"

"ரெண்டாவதா போடு தாயி." குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவர் கண் சிவந்திருந்தது. "பத்தொம்பது மணி நேரம் வச்சிருந்தேன். ஒரு நிமிசம் நெஞ்சு ஒரு எடத்துல நிக்கல. நீ எத்தன நாளா வச்சிருக்க?"

"தொண்ணூறு நாளு இருக்கும்."

"தொண்ணூறு நாளு!" என்றார் அவர், முப்பத்தோரு வருஷத்துக் கோபம் மொத்தமும் திரும்பி வந்தவராக. "ஒரு வண்டி தொண்ணூறு நாளு லேட்டா நிக்கி, நா டைம்கீப்பரு, தெனமும் அதுக்கு முன்னாலயே நின்னுருக்கேன். கூப்பிடு நம்பர."

அவள் அவருடைய செருப்பைக் காலி இடத்தில் போட்டாள். டப்பாவைத் திறந்து வில்லைகளை வைத்துக்கொண்டே போனாள்; ஒன்றாம் நம்பரைத் தன் செருப்பின் மேல் வைக்கும்போது மட்டும் கை கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டது. ஒன்பது மணிக்கு டாக்டர் வந்தார், வராந்தாவில் இத்தனை ஆட்களைக் கண்டு தேர்தலா என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். அவள் வாசலில் நின்றாள்.

"நம்பர் ஒண்ணு!"

வேலாயுதத்தின் செருப்புகூட இருமலை அடக்கிக்கொண்டது.

"நம்பர் ஒண்ணு!"

அவளுக்கு அழுகை வந்தது. மூன்றாவது தடவை கூப்பிட்டு, பதில் சொல்லாமல் இருந்துவிட்டால், அவள் போட்ட சட்டப்படியே அந்தச் செருப்பை எடுத்துக் கடைசியில் போட்டுவிடலாம். கடைசி வருவதற்குள் மதியம் ஆகிவிடும், டாக்டர் சாப்பிடப் போய்விடுவார், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். நாற்பது பேரும் அவளையே பார்த்தார்கள். சண்முகையா தாடையைப் பொத்தியபடி தெருவில் நின்று பார்த்தார்.

"நம்பர் ஒண்ணு!" என்று கூப்பிட்டாள். கூப்பிட்ட வாய் மூடுவதற்குள், "இருக்கேன்" என்றும் அவளே சொன்னாள்.

சொல்லிவிட்டு, செருப்பைக் கையில் எடுக்காமல், அதற்குள் காலை நுழைத்தாள். அக்குளுக்குக் கீழே புளியங்கொட்டை தன் இடத்துக்கு வந்து சேர்ந்தது. பலகைக்குக் கீழே செருப்போடு நடந்து உள்ளே போனாள்.

டாக்டர் மேஜை மேல் பழைய பேப்பரை விரித்து, செருப்புக்காகக் கையை நீட்டினார். இரண்டு மாதமாக அவர் கை ஒரு மனுஷ உடம்பையும் தொட்டதில்லை.

"செருப்பு வேண்டாம் டாக்டர்" என்றாள் ஜெபமலர். "நானே சொல்லுதேன்."

சொன்னாள். தங்கத்தைத் துணைக்கு நிற்கவைத்து, டாக்டர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து பார்த்தார். நிதானமாகப் பார்த்தார். நாற்காலிக்குத் திரும்பி உட்கார்ந்தார். அவருடைய வலது கை மெள்ளக் கண்ணாடியை நோக்கி உயர்ந்தது.

"அதக் கழட்டாதீங்க" என்றாள் அவள். "போட்டுக்கிட்டே எழுதுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

டாக்டர் கையை இறக்கினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டேதான் கடிதம் எழுதினார். எழுத்து சரியாகத் தெரியவில்லை போலும், நடுவில் இரண்டு தடவை அதைக் கழற்றாமலே விரலால் உட்பக்கம் துடைத்துக்கொண்டார்.

அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும், கட்டியை எடுத்ததும், முடி கொட்டியதும், ஆறு மாதத்துக்கு வில்லை டப்பாவைப் பேச்சியம்மாள் வைத்துக்கொண்டு ஊரைப் படுத்தியதும், அவள் திரும்பி வந்தபோது செருப்புகள் வெறும் செருப்புகளாகக் கிடந்ததும், பெஞ்சில் உட்கார்ந்து ஆட்கள் நேரிலேயே பொய் சொல்லிக்கொண்டிருந்ததும் எல்லாம் அதற்கப்புறம். செருப்புகள் எப்போது வாயை மூடின என்று யாரும் குறித்து வைக்கவில்லை. வராந்தா சிமெண்டு பழசாகிவிட்டது என்றார்கள்.

அன்று கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தாள். வெயில் வராந்தாவின் பாதிவரை ஏறியிருந்தது. முகத்தைத் துடைத்தாள், தொண்டையைச் செருமினாள்.

"நம்பர் ரெண்டு!"

பதில் இல்லை. பிச்சையா எதிரிலேயே, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். பதினோரு வருஷத்தில் ஒன்று என்பதைத் தவிர வேறு எந்த நம்பருக்கும் அந்தக் காது திரும்பியதில்லை.

"நம்பர் ரெண்டு!"

அவர் உச்சுக்கொட்டி, "எந்தப் பயலோ வராம நேரத்தக் கெடுக்கான்" என்று முணுமுணுத்தார்.

"நம்பர் ரெண்டு!"

மூன்று ஆகிவிட்டது. சட்டப்படி அவள் குனிந்து அந்தச் செருப்பை எடுத்துக் கடைசிக்குக் கொண்டுபோகவேண்டும். நாற்பது பேருக்கும் அது தெரியும். அவளுக்கும் தெரியும்.

ஜெபமலர் அவரைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி" என்றாள், "இப்ப மணி என்ன?"

பிச்சையா நிமிர்ந்தார். "ஒம்பது பதினேழு" என்றார், தோளை நிமிர்த்தி, கூண்டுக்குள் இருந்து அறிவிக்கிறவரைப் போல. "ஏன் தாயி?"

"நேரமாச்சு, வாங்க" என்றாள். பத்தொன்பது வருஷத்தில் முதன்முறையாக, நான்காவது தடவை கூப்பிட்டாள். "நம்பர் ரெண்டு!"